ஆடாமல் தோற்றவர்கள்

"இணையச் சூதாட்டத்தைத்தான் 2025 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டார்களே, இனி அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் கேட்டார். பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த இன்னொருவர் தலையை நிமிர்த்தாமலே, "அந்தச் சட்டமே தேவையற்றது. அவனவன் பணம், அவனவன் ஆடுகிறான். அரசுக்கு அதில் என்ன வேலை?" என்றார். இருவரும் நன்கு படித்தவர்கள். இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இருவர் கருத்தும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பதை அன்று கோவையாக எடுத்துரைக்க என்னால் இயலவில்லை. கோபம் வந்தால் எனக்குச் சொல் வராது. எனவே இப்போது எழுதுகிறேன்.

சூது என்றவுடன் நம் கண்முன் சூதாடி வந்து நிற்கிறான். அவனுடைய ஆசை, அவனுடைய வீழ்ச்சி, அவனுடைய உரிமை, அவனுடைய நோய். அவனைத் திட்டுகிறவர்களும் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவனுக்காக வாதாடுகிறவர்களும் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவனுக்குப் பின்னால் கதவோரம் நிற்பவர்களை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நான் குறிப்பிடும் பிழை இதுதான்.

கதவோரம் நின்றவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. குடிப்பழக்கம் இல்லை, பீடி கூடத் தொட்டதில்லை. ஊரில் அவரை 'ஒழுக்கமான மனிதர்' என்பார்கள். அவருக்கு இருந்த ஒரே பழக்கம் லாட்டரி. 1990களில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடைகளின் தோற்றத்தை விவரிக்க வேண்டியதில்லை. பேருந்து நிலைய வாசலில், கொடியில் துணி காயப்போட்டதைப் போல, பூட்டான், சிக்கிம், நாகாலாந்து, கேரளா என்று வெளியூர்ச் சீட்டுகள் தொங்கும். நாணயத்தால் தேய்த்துப் பார்க்கும் சீட்டுக்கு மக்கள் வைத்த பெயர் 'சுரண்டல் லாட்டரி'. (இத்தனை நேர்மையான பெயரை எந்த மொழியியல் அறிஞராலும் சூட்டியிருக்க முடியாது.) சம்பள நாளன்று அப்பா அந்தக் கடை வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். முடிவுகள் வெளியாகும் நாளிதழை டீக்கடையில் பார்த்து எண்களைக் குறித்துவருவது என் வேலை. எனக்கு வாசிப்புப் பழக்கம் எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்கும்போது நூலகத்தைச் சொல்வேன். உண்மையில் நான் முதன்முதலில் ஊன்றிப் படித்தது லாட்டரி முடிவுகளைத்தான்.

அந்த எண்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் பத்து நிமிட நடையை இன்றும் மறக்க இயலவில்லை. அப்பாவின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு அம்மா எதற்கு வசை வாங்குவாள், குழம்பில் உப்புக்கா அல்லது அவளுடைய அண்ணன் வீட்டுச் செய்திக்கா என்பது மட்டும்தான் தெரியாது. ஒன்பது வயதுச் சிறுவன் அந்தக் காகிதத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் தேவையில்லாமல் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவருவான். ஆட்டத்தில் அவனுக்குப் பங்கில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் தோற்றது அவன்தான்.

அம்மாவின் தாலிக்கொடி ஒருநாள் மஞ்சள் கயிறாயிற்று. அண்டை வீட்டார் கேட்டபோது, "மெருகு போடக் குடுத்திருக்கேன்" என்றாள். அந்த மெருகு போடப் பதினோரு ஆண்டுகள் ஆயின. வட்டி கேட்டு வருபவரிடம் "அப்பா வீட்ல இல்ல" என்று சொல்லும்படி என்னை வாசலுக்கு அனுப்புவார்கள். அப்பா கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். எனக்கு வீட்டில் முறையாகக் கற்பித்த முதல் பொய் அதுவே. வந்தவருக்கும் அது பொய் என்று தெரியும். என் தலையைத் தடவிவிட்டுப் போவார். அந்தத் தடவலை அவமானமாக உணரும் வயது சீக்கிரமே வந்துவிட்டது.

தமிழ்நாடு அரசு 1968இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அதன் விளம்பர வாசகம். சொல்லாட்சியில் அண்ணா காலத்துத் தமிழின் அழகு அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விழாத சீட்டுக்கான பணம் எங்கிருந்து புறப்பட்டது என்று அந்த வாசகம் சொல்லவில்லை. அதுவும் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. நாட்டுக்குப் பள்ளிக்கூடம் கட்ட, எங்கள் வீட்டில் பள்ளிக்கட்டணம் நின்றது.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். வள்ளுவருடன் வழக்காடும் உரிமை தமிழாசிரியனுக்கு உண்டு என்று நம்புகிறவன் நான். சூது என்பது திருக்குறளின் 94ஆம் அதிகாரம். பத்துக் குறள்களையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். தூண்டில் மீன் உவமை, ஒன்று பெற்று நூறு இழப்பது, இழக்க இழக்கக் காதல் பெருகுவது: மனித மனத்தை இவ்வளவு கூர்மையாகக் கண்டவர் உலக இலக்கியத்திலேயே குறைவு. ஆயினும் அந்தப் பத்தில் மனைவி இல்லை, மக்கள் இல்லை. முதல் குறளிலிருந்து கடைசிக் குறள் வரை சூதாடி மட்டுமே நிற்கிறான். சூதைக் கைக்கொண்டால் உடை, செல்வம், உணவு, புகழ், கல்வி என்ற ஐந்தும் அடையா என்கிறது ஒன்பதாவது குறள். யாரை அடையா? அவனை என்று உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். எங்கள் வீட்டில் அந்த வரிசை வேறு விதமாக நடந்தது. உடை முதலில் அம்மாவை விட்டு நீங்கியது. உணவில் குறைந்தது இரவில் கடைசியாகச் சாப்பிட்டவளின் தட்டில். கல்வி என் அக்காவை விட்டுப் பத்தாம் வகுப்போடு நீங்கியது. அப்பாவின் வேட்டி சட்டை கடைசிவரை வெள்ளையாகத்தான் இருந்தது. அதைத் துவைத்து நீலம் போட்டவளும் அம்மாதான்.

வள்ளுவர் அறியாமல் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்த அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. ஆடுபவனை நோக்கிப் பேசும் அறிவுரை அது. ஆனால் அந்த ஐந்து சொற்களை ஒரு குடும்பத்தின் மீது விரித்துப் பார்க்காமல், சீர் பிரித்து, அணி கண்டு, ஐந்து மதிப்பெண் வினாவாக்கி நாம் நடத்திக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் குற்றம் என்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

இலக்கணத்தில் ஒரு குற்றம் இதைவிடக் கொடியது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே மாண்டது. கணவன், மனைவி, மூன்று பெண் குழந்தைகள். மூன்று எண் லாட்டரியில் பணத்தை இழந்து கடனாளியானதே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. 2003 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 'தடைதான் வந்துவிட்டதே' என்று சொல்லும் நண்பருக்கு, தடை வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின் நடந்த இந்தச் சாவுகளே என் பதில். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. இத்தகைய செய்திகளுக்கு நம் நாளிதழ்கள் வைத்திருக்கும் நிலையான தலைப்பு ஒன்று உண்டு: 'குடும்பத்துடன் தற்கொலை'.

'உடன்' என்பது மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் சொல்லுருபு. 'அமைச்சருடன் அதிகாரிகள் வந்தனர்' என்றால் அமைச்சரும் வந்தார், அதிகாரிகளும் வந்தனர் என்று பொருள். வினை இருவருக்கும் உரியது. 'குடும்பத்துடன் தற்கொலை' என்று எழுதும்போது, மழலை மாறாத குழந்தையும் அந்த வினையைச் செய்ததாக ஆகிறது. குழந்தைகள் தற்கொலை செய்துகொள்வதில்லை. அவர்கள் கொல்லப்படுகிறார்கள். ஒரு மனிதனின் கடனுக்கு, அவனுடைய முடிவுக்கு, ஓர் உருபைக் கொண்டு ஒரு குடும்பத்தையே ஒட்டவைத்துவிடுகிறோம். அவன் ஆடியபோது அவர்களை உடன் அழைத்துச் செல்லவில்லையே. சாகும்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்த 'உடன்'?

சட்டத்தின் மொழியும் இதற்குச் சளைத்ததன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் நீதிமன்றங்கள் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன: இந்த ஆட்டம் திறனைச் சார்ந்ததா, வாய்ப்பைச் சார்ந்ததா? ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று கணிக்க வேண்டும், எனவே அது பெரும்பாலும் திறன் விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. குதிரைப் பந்தயமும் திறனே என்று 1996இல் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் செல்லும் என்று 2023 நவம்பரில் ஏற்ற சென்னை உயர் நீதிமன்றமும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் என்று அதில் சேர்த்ததை ஏற்கவில்லை.

நீதிபதிகளின் தர்க்கத்தில் குறை காணும் சட்ட அறிவு எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. திறன்தான் அளவுகோல் என்றால், அத்தினாபுரத்து மண்டபத்தில் நடந்ததைவிடச் சிறந்த திறன் விளையாட்டு ஏது? சகுனியைப் போன்ற திறனாளன் எங்கே? பணயம் வைக்கப்பட்ட பாஞ்சாலிக்கு, தன்னை இழந்தது திறனாலா வாய்ப்பாலா என்பதில் என்ன வேறுபாடு? அவள் கேட்ட கேள்வி வேறு. தன்னையே இழந்துவிட்ட ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று அவள் கேட்டாள். அவையிலிருந்த மூத்தோர் எவரிடமும் அதற்கு நேரான விடை இல்லை. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனோ வாய்ப்போ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும் கூடாது என்று அந்தப் பழைய பாகுபாட்டைத் தாண்டிச் சென்றது. அதை வரவேற்கிறேன். ஆடுபவரைத் தண்டிக்காமல் ஆட்டம் நடத்துபவரைத் தண்டிக்கிறது என்பதையும் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் செயலியை மூடலாம். செயலிக்காக வாங்கிய கடனை மூடாது.

பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் எல்லாரும் திரௌபதியின் சபதத்தைத்தான் மேடையில் முழங்குவார்கள். எனக்கு அதற்குச் சற்று முன் வரும் இடமே முக்கியமானது. தம்பியரை ஒவ்வொருவராக வைத்து இழந்து, தன்னையும் இழந்து, கடைசியில் மனைவியையும் வைத்திழந்த தருமனின் கையை எரிக்க வேண்டும், நெருப்புக் கொண்டுவா என்று சகதேவனிடம் சீறுகிறான் வீமன். பார்த்தன் அவனை அடக்குகிறான். தருமம் என்கிறான், பொறுத்திரு என்கிறான். அந்தச் சமாதானத்தின் பேரழகில் நாம் மயங்கிவிடுகிறோம். சூதாடியின் வீடு ஒவ்வொன்றிலும் ஓர் அருச்சுனன் இருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வந்த அருச்சுனர் என் தாய்மாமன். அம்மா ஒருமுறை என்னையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான்காம் நாள் மாமா எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். "குடிக்கிறாரா, அடிக்கிறாரா? ஏதோ நாலு சீட்டு வாங்கறாரு. இதுக்குப் போயி குடும்பத்த ஒடச்சுக்குவாங்களா? நீதான் அனுசரிச்சுப் போகணும் தங்கச்சி" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர். அவர் சொன்ன அந்த நான்கு வாக்கியங்கள் எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகள் ஆட்சி செய்தன.

நளவெண்பாவைச் சொல்நயத்துக்காகவே போற்றி நடத்திவிட்டோம். வியாசர் சொல்லும் நளன் கதையில் ஒரு செய்தி உண்டு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இது எங்கே போய் முடியும் என்று உணர்ந்த தமயந்தி, தேரோட்டியை அழைத்துத் தன் இரு குழந்தைகளையும் விதர்ப்ப நாட்டுக்குப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுகிறாள். கணவனை விட்டுப் பிரியாத கற்பரசி என்றே தமயந்தியைக் கொண்டாடுகிறோம். பிள்ளைகளைக் காப்பாற்றிய அந்த ஒரு மதிநுட்பமான செயலைக் கொண்டாடி ஒரு பட்டிமன்றமும் நான் கேட்டதில்லை. அம்மாவும் அதைத்தான் செய்தாள். அவளுடைய விதர்ப்பம்தான் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது.

இப்போது எல்லாரும் நோய் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு இடம்பெற்றுள்ளது. மனநல மருத்துவர்கள் அதைப் போதை அடிமைத்தனத்தின் இனமாகவே கருதுகிறார்கள். மனமார ஒப்புக்கொள்கிறேன். என் தந்தையை ஒரு மருத்துவர் பார்த்திருந்தால் எங்கள் வாழ்வு வேறாக இருந்திருக்கும். ஆனால் இந்தச் சொல் நம் ஊரில் எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். நோய் என்ற சொல் அவனுக்கு இரக்கத்தைப் பெற்றுத் தருகிறது. அவளுக்கு ஒரு புதிய பணியைப் பெற்றுத் தருகிறது. இனி அவள் செவிலி. அவன் கைப்பேசியைக் கண்காணிக்க வேண்டும், பணத்தை ஒளிக்க வேண்டும், ஆனால் மனம் புண்படும்படி எதுவும் கேட்டுவிடக் கூடாது. நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2025இல் விதி வந்தபோது அதைத் தனிமனித உரிமையில் தலையீடு என்றார்கள். உயர் நீதிமன்றம் விதியை ஏற்றது. அந்த ஐந்து மணி நேரமும் பக்கத்தில் படுத்து, போர்வைக்குள்ளிருந்து கசியும் வெளிச்சத்தைப் பார்த்தபடி தூங்காமல் கிடந்தவளின் உரிமை எந்த மனுவிலும் இடம்பெறவில்லை.

'அவனவன் பணம்' என்ற நண்பருக்கு இனிப் பதில் சொல்ல வேண்டும். எது அவன் பணம்? பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. பந்தயத்தில் தோற்றவன் தராவிட்டால் வென்றவன் வழக்குப் போட முடியாது. ஆனால் ஆடுவதற்காக வெளியே வாங்கிய கடன், அந்தக் காரணத்தால் மட்டுமே செல்லாததாகிவிடாது. எனவே கடன் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். வீட்டில் என்ன இருக்கிறது? அவளுடைய நகை இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் அவள் பெயரில் எடுத்த கடன் இருக்கிறது. அவள் தவணை கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்? அவன் தாயின் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய தொகை இருக்கிறது. இவற்றில் எது 'அவனவன் பணம்' என்று அவர் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்திச் சொல்லட்டும்.

பெண்ணின் சீதனத்தை அவள் இசைவின்றி விற்பதும் அடகு வைப்பதும், வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தடுப்பதும் பொருளாதார வன்முறை என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அடித்தால்தான் வன்முறை என்றிருந்த என் மாமாவுக்கு அந்தச் சட்டம் காலந்தாழ்ந்து வந்தது. மாவட்டந்தோறும் அதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. 181 என்ற எண்ணில் அழைக்கலாம். சூதாட்டத்தைப் பற்றி நம் ஊரில் நடக்கும் எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் இதை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. 'இளைஞர்களே, சூதாடாதீர்கள்' என்றே முடித்துக்கொள்கிறார்கள். ஆடாதவர்களுக்கும் ஒரு கூட்டம் போட்டால் என்ன? (பெண்களும் ஆடுகிறார்கள், ஆண்கள் மட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆடுகிறார்கள்தான். நான் கண்ட வீடுகளைப் பற்றி எழுதுகிறேன்.)

எங்கள் கல்லூரியில் பணியாற்றிய ஒருவர் 2020 ஊரடங்குக் காலத்தில் கைப்பேசியில் ரம்மி ஆடத் தொடங்கினார். வகுப்பில் அருமையாகப் பாடம் நடத்துபவர். எங்களில் பலரிடம் கைமாற்று வாங்கினார். பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தார். அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்ட இருவரில் நானும் ஒருவன். மகளின் படிப்புக்கு என்றார். கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டேன். லாட்டரிக்காரர் மகனாகிய நானே கேட்கவில்லை என்பதைக் குறித்துவைக்க விரும்புகிறேன். விண்ணப்பத்தில் ஊதியம், பணிக்காலம், ஜாமீன்தாரர் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இந்தக் கடன் வீட்டில் தெரியுமா என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. அத்தகைய கட்டம் வேண்டும் என்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பின்னர் கேட்டேன். சிரித்தார்கள். "பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கிட்டா சார் கடன் எடுக்கணும்?" என்றார் ஒருவர்.

பிறகு அவர் பணிக்கு வருவது நின்றது. அவர் மனைவி ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்தார். யார் யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று கேட்டு, பள்ளிப்பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதிக்கொண்டார். அவர் போனபின் எழுந்த முதல் குரல், "இத்தனை நாளாகத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்பதுதான். இரண்டாவது குரல், "பாவம் சார் அவரு, நல்ல மனுஷன்" என்றது. நான் எதுவும் பேசவில்லை.

இப்போது மாதந்தோறும் என் சம்பளத்தில் ஒரு தொகை பிடித்தம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்த அம்மையார் கல்லூரி வாயிலில் வந்து நின்று, ஓர் உறையில் ஐந்நூறு ரூபாய் தருகிறார். தையல் வேலை செய்கிறாராம். முதல்முறை வாங்க மறுத்தேன். "நீங்க வாங்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது சார்" என்றார். அவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன். அவர் அந்த நோட்டை விரித்து, என் பெயருக்கு நேரே தேதியைக் குறித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போகிறார். சென்ற மாதம் அவருடன் மகளும் வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு என்று சொன்னார். அந்தப் பெண் கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று எனக்குத் தெரியும்.